கூடாரமும் காணியும்: வைற் றிவர் வனத்தில் ஒரு பொதுவுரிமையின் வரலாறு

காணி எவருக்கு உரியது என்னும் வினாவுக்கு உறுதிகளும் சட்ட ஏடுகளும் மட்டுமே விடை கூறுவதில்லை. அக்காணியில் ஓரிரவு தங்குவதற்கு எவர் அனுமதிக்கப்பட்டனர், எவர் விரட்டப்பட்டனர் என்பதும் அவ்வினாவுக்குரிய விடையேயாகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வனங்களில் நிலவும் ஒரு வழக்கம் இவ்வகையில் ஆராயத்தக்கது. அமைக்கப்பட்ட முகாமிடங்களுக்கு வெளியே, தாம் தெரிந்தெடுத்த இடத்தில், கட்டணம் செலுத்தாது கூடாரமிட்டுத் தங்குவதற்கு அவ்வனங்களின் பெரும்பகுதியில் எவருக்கும் இடமுண்டு. 'சிதறித் தங்குதல்' என இதனை அந்நாட்டு வனச் சேவையினர் குறிப்பர். குடிநீர்க் குழாய், மலசலகூடம், மேசை எதுவும் அங்கில்லை. கொண்டுசென்ற பொருள்களின் கழிவைத் திரும்ப எடுத்துச் செல்வது தங்குவோர் கடமை. பொழுதுபோக்காக மட்டும் தோன்றும் இவ்வழக்கத்தின் பின்னணியில், காணியை இழந்தோரினதும் அதனைப் பொதுவாக்கியோரினதும் வரலாறு அமைந்துள்ளது. கொலராடோ மாநிலத்தின் வைற் றிவர் தேசிய வனம் அதனைத் தெளிவாகக் காட்டும்.

றொக்கி மலைத்தொடரில் ஏறத்தாழ 23 இலட்சம் ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள இவ்வனம், யூற் மக்களின் பூர்வீக நிலமாகும். மாரியிற் பள்ளத்தாக்குகளிலும் கோடையில் உயர்ந்த மலைப் புல்வெளிகளிலும் தங்கி, மானினங்களை வேட்டையாடியும் குதிரைகளை வளர்த்தும் அவர்கள் வாழ்ந்தனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை கொலராடோவின் மேற்குப் பகுதியிற் பெரும்பங்கை அவர்களுக்கென ஒதுக்கியது. எனினும், 1878இல் வைற் றிவர் நிலையத்துக்கு அரசின் பிரதிநிதியாக வந்த நேதன் மீக்கர், இடம்பெயர்ந்து வாழ்வோரை ஏர் பிடிக்கும் குடியானவராக மாற்ற முற்பட்டார். 1879இல் குதிரைகளின் மேய்ச்சல் நிலத்தை உழுவதற்கு அவர் முனைந்தமை பெரும் பிணக்கை மூட்டிற்று. படையினர் வரவழைக்கப்பட்டனர்; மோதல் மூண்டது; மீக்கரும் அவருடைய பணியாளரும் கொல்லப்பட்டனர். இதனைக் காரணமாகக் கொண்டு 1880இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் வைற் றிவர் யூற் மக்கள் யூற்றாப் பிரதேசத்துக்கு அகற்றப்பட்டனர். 1887இல் கொலரோ என்னும் தலைவரும் அவரைச் சார்ந்தோரும் தம் பழைய மலைகளுக்கு வேட்டைக்கு வந்தபோது, மாநிலப் படையினர் அவர்களை மீண்டும் துரத்தினர்.

இது நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அம்மலைகள் பொதுச்சொத்தாயின. 1891 மார்ச் 3ஆம் திகதிய சட்டம் வன ஒதுக்கங்களைப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு வழங்கியது. அவ்வாண்டு ஒக்ரோபரிற் சனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் வைற் றிவர் மேட்டுநிலத்தை ஒதுக்கமாக அறிவித்தார். யெலோஸ்ரோன் ஒதுக்கத்துக்கு அடுத்ததாக இது அமைந்தது. நீரூற்றுக்களைக் காப்பதும் மரவளத்தைப் பேணுவதுமே இத்தகைய ஒதுக்கங்களின் நோக்கங்களெனப் பின்னர் 1897ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1905இல் ஒதுக்கங்கள் விவசாயத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டு, கிபோட் பின்ஷோவின் தலைமையில் வனச் சேவை உருவாயிற்று. 1907இல் அவை 'தேசிய வனங்கள்' எனப் பெயர் பெற்றன.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கூடாரமிட்டுத் தங்கும் உரிமையை இச்சட்டங்களுள் எதுவும் வெளிப்படையாக வழங்கவில்லை. விதிகளுக்கு அமைந்து, முறையான நோக்கத்துடன் வருவோர் எவரும் ஒதுக்கங்களுட் செல்வது தடுக்கப்படலாகாது என்று மட்டுமே 1897ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. மந்தை மேய்ப்போரும் கனிமந் தேடுவோரும் வேட்டையாடுவோரும் தங்கிய இடங்களில் தங்கினர். அதற்கொரு தனிப்பெயரும் அன்று தேவைப்படவில்லை. வேறு வகையான தங்கல் அங்கு இருக்கவில்லை.

மோட்டார் வண்டியின் வருகை இந்நிலையை மாற்றியது. 1919இல் வனச் சேவையில் இணைந்த நிலவனப்புக் கலைஞர் ஆதர் காஹாற், வைற் றிவர் வனத்திலுள்ள திறப்பேர்ஸ் ஏரிக்கு அனுப்பப்பட்டார். ஏரியைச் சுற்றிக் கோடைகால வீடுகளுக்குரிய நிலத்துண்டுகளை அளந்து குறிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ, அக்கரையில் எவருக்கும் தனி வீடு அமைக்க இடமளித்தலாகாது எனப் பரிந்துரைத்தார். மேலதிகாரிகள் அதனை ஏற்றனர். கரை சிலருடைய வேலிக்குள் அடங்காது எல்லோருக்கும் எஞ்சியது. 1975இல் அப்பகுதி பிளற் ரொப்ஸ் வனாந்தரமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

எனினும், பெருகிய மக்கள் கூட்டத்தைச் சமாளிக்க வேறொரு வழியும் வேண்டியிருந்தது. வண்டிச் சக்கரங்களும் காலடிகளும் மண்ணை இறுக்கி மரவேர்களை அழிப்பதைத் தாவர நோயியலறிஞர் எமிலியோ மைனெக்கே எடுத்துக்காட்டினார். வளைந்த ஒருவழிப் பாதைகளும், வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தும் மரக்குற்றித் தடைகளும் கொண்ட முகாமிடங்களை அவர் வகுத்தார். 1933 முதல் 1942 வரை இயங்கிய குடியியற் பேணற்படையின் இளைஞர் இத்தகைய முகாமிடங்களை நாடெங்கும் அமைத்தனர். ஒழுங்கமைந்த முகாமிடம் தோன்றிய பின்னரே அதற்குப் புறம்பான பழைய வழக்கம் 'சிதறியது' என வேறுபடுத்தப்படலாயிற்று. முன்னர் பொதுவிதியாயிருந்தது இவ்வாறு விதிவிலக்காகத் தோற்றமளித்தது.

அடுத்த சோதனை கட்டண வடிவில் வந்தது. 1996இல் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டம் பொதுக்காணிகளிற் பொழுதுபோக்குக் கட்டணங்களை விரிவாக்கிற்று. அதனை எதிர்த்தோரின் குரலும் எழுந்த நிலையில், 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் எல்லையை வரைந்தது: குறைந்தபட்ச வசதிகளும் அமைக்கப்படாத இடங்களில் தங்குவோரிடம் கட்டணம் அறவிடலாகாது. அரிசோனாவின் லெமன் மலையில் வண்டி நிறுத்திய அனைவரிடமும் வனச் சேவை கட்டணம் அறவிட்டபோது, மலையேறுவோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2012இல் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அரசு அமைத்துத்தந்த வசதிக்கு விலை உண்டு. வெறும் நிலத்தில் நிற்பதற்கும் படுப்பதற்கும் விலை இல்லை என்பதே இதன் சாரம்.

இவ்வுரிமை எல்லையற்றதன்று. வைற் றிவர் வனத்திலேயே, கூட்டமும் கழிவும் மிகுந்த கொனண்ட்ரம் வெந்நீரூற்றுப் பள்ளத்தாக்கில் 2018 முதல் இரவுத் தங்கலுக்கு முன்னனுமதி வேண்டப்படுகிறது. ஒவ்வொருவரும் உரிமையை மட்டும் எடுத்துக் கடமையை விடுத்தால், அவ்விடத்தைக் காப்பதற்கு அவ்வுரிமையையே குறுக்க நேரிடும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்னொரு வரம்பு மேலும் ஆழமான பொருளுடையது. பெரும்பாலான தேசிய வனங்களில் ஓரிடத்தில் 14 நாள் அளவே தங்கலாம். அதன்பின் பெயர்ந்தாக வேண்டும். வனம் எவருக்கும் வதிவிடமாகிவிடலாகாது என்பது இதன் நோக்கம். 1879இல் இதே மலைகளில், ஓரிடத்தில் நிலைத்து உழுது வாழ மறுத்தமை யூற் மக்களின் குற்றமாகக் கொள்ளப்பட்டது. இன்று அங்கு நிலைத்து வாழ்வதே குற்றம், பெயர்ந்துகொண்டிருப்பதே விதி. பருவத்துக்கு ஏற்பப் பெயர்ந்த மக்களை அகற்றிய அரசு, அவர்களது வாழ்முறையின் நிழலை விடுமுறையாளருக்கு விதியாக்கியுள்ளது.

எனவே, இவ்வுரிமையைப் போற்றுதற்கும் ஐயுறுதற்கும் ஒருங்கே காரணம் உண்டு. செல்வர் கரையை வேலியிட்டுக் கொள்ளாதவாறும், வறியவர் பணமின்றி மலையில் இரவைக் கழிக்கக்கூடியவாறும் அது காணியைக் காத்துள்ளது. ஆயினும் 'எல்லோருக்கும்' என்னும் அச்சொல், முன்னரே அங்கிருந்தோரை வெளியேற்றிய பின்னரே எழுதப்பட்டது. கட்டணமின்றிக் கிடைக்கும் அவ்விரவின் விலையை முன்னதாகச் செலுத்தியோர் யூற் மக்களேயாவர்.