பழவேற்காடு

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியை அடுத்து, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள கடலோரச் சிற்றூர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இவ்வூர்ப் பெயரையே தாங்கியுள்ளது. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிகோட்டா தீவு பிரிக்கிறது. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடித் தூர்ந்துவிடும்.

இங்கு முகம்மதிய வணிகர்கள் கப்பலோட்டிய காலத்திலேயே, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்த்துகீசியர் வந்தனர். அவர்களை அடுத்து வந்த ஒல்லாந்தரே (டச்சுக்காரர்) ஊரின் வரலாற்றைத் திருப்பியவர்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணி நன்றாகச் செலாவணியானது. அந்தத் துணி இப்பகுதித் தறிகளில் கிடைத்தது. 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று ஒல்லாந்தர் வணிகக் கூடம் அமைத்தனர். 1612இல் போர்த்துகீசியர் அதை அழித்ததும், 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக 1690 வரை விளங்கிய இக்கோட்டையில் வெடிமருந்தும் தயாரானது.

துணியோடு மனிதர்களும் ஏற்றுமதியாயினர். பஞ்ச காலங்களில் பிள்ளைகளையும் தம்மையுமே விற்றுக்கொண்டவர்கள் அடிமைகளாகப் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஜாதிக்காய்த் தோட்டங்கள் உள்ள பண்டாத் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் வணிகர்களின் பெயரும் குலச்சின்னமும் இன்றும் தெளிவாக உள்ளன. அடிமைகளுக்கு இவ்வூரில் ஒரு நடுகல்கூட இல்லை. பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் இதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானதும் பழவேற்காடு மீண்டும் தலைமையிடமாயிற்று. 1795இல் அதையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1818இல் திருப்பித் தந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டே நிலையாகப் பெற்றுக்கொண்டனர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு.

மக்களில் மீனவரும் முஸ்லிம்களும் மிகுதி, கிறித்தவரும் உண்டு. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி முடைகின்றனர். ஏரியில் இறால் பிடிக்கப் 'பாடு' முறை நிலவுகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்கின்றனர். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே கிடைக்காது. பரம்பரை உரிமை உள்ளவர்களுக்கே பாடு என்பதால், மற்ற குப்பத்தார் தமக்கும் பங்கு கேட்டு நெடுநாளாக வாதாடி வருகின்றனர்.