கலயமும் கண்டோர் கருத்தும்

வட்டக்கோட்டை என்னும் பெயரைக் கேட்டு வட்டமானதொரு கோட்டையைத் தேடி வருவோர் சற்றே வியப்படைவர். அது நீள்சதுரமானது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராய் விளங்கிய தெ லனாய் என்னும் ஐரோப்பியக் கத்தோலிக்கர் கருங்கல்லால் வலுப்படுத்திய கோட்டை அது. 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையினரோடு சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்ற இவரே, புனித தேவசகாயத்திற்குத் திருமறையை அறிமுகப்படுத்தியவர் என்பதை நம் வாசகர் அறிவர். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் செப்பனிடப்பட்டுள்ள அம்மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடல். மறுபுறம் தென்னையும் பனையும். வருவோர் பெரும்பாலும் கடலையே பார்க்கின்றனர். நாம் இக்கட்டுரையில் மறுபுறம் திரும்பி, பனையையும் தென்னையையும் அவற்றின் சாற்றையும் அதை விற்ற கடைகளையும் பற்றி வந்தவர்கள் காலந்தோறும் சொல்லிச் சென்ற கருத்துகளைச் சிந்திக்க முற்படுகிறோம்.

இதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்திற்குள் சென்று வரும் நம் அன்பர்கள் பலர், அங்கே புதுப்பிக்கப்பட்டுள்ள கள்ளுக்கடைகளைப் பற்றி ஓயாது பேசுகின்றனர். கீற்றுக் கொட்டகையும் ஆடும் மரப்பலகையுமாய் இருந்த இடத்தில் இப்போது ஓடு பதித்த தரை, குடும்பத்தோடு அமரத் தனி அறை, கப்பையும் மீன்கறியும் தாறாவும் அடங்கிய உணவுப் பட்டியல். உதயம்பேரூரில் முல்லைப்பந்தல் என்னும் கடை உணவுக்காகவே புகழ் பெற்றது. உதயம்பேரூர்! 1599இல் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கத்தால் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சையினுடையதாகவே இருத்தல் வேண்டும் என்பதை வலியுறுத்திய சங்கம் கூடிய ஊரின் பெயர், இன்று பலருக்குக் கள்ளுக்கடையை நினைவூட்டுகிறது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறு புன்னகை புரிகிறது.

கள் என்பது யாது என்பதை முதலில் தெளிதல் நலம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் ஊறி வடிவது இனிய சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காது, பதநீராகும். நம் பகுதியில் அதை அக்கானி என்போம். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், மறுநாள் கடும்புளிப்பு, அதற்கும் அப்பால் காடி. ஆகவே நல்ல கள்ளை நெடுந்தூரம் கொண்டு செல்ல இயலாது. மரம் நிற்கும் இடத்திற்கு அண்மையில்தான் அதன் கடையும் இருக்க முடியும். நம் அன்னையர் ஆப்ப மாவில் சிறிதளவு கள்ளைச் சேர்த்ததும் இந்த நுண்ணுயிர்களின் பொருட்டேயாகும். உயிர்ப்புப் பெருவிழாவின் காலை உணவுக்கு அது மென்மை சேர்த்தது.

இதே இயல்புடைய பானம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நுரைத்து, நுண்ணுயிர் வடித்தகற்றப்படாமல், செயற்கை வாயு செலுத்தப்படாமல் வார்க்கப்படும் வாற்கோதுமைப் பானம் அது. ‘ரியல் ஏல்’ என்பது அதன் பெயர். பீப்பாயைத் திறந்தபின் சில நாள்களே அது தாங்கும். பெரிய ஆலைகள் அதை ஒழித்து வாயு ஏற்றிய பீரைப் பரப்பியபோது, 1971இல் நண்பர் நால்வர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அவ்வியக்கம் 1974 முதல் ஒரு கையேட்டை வெளியிட்டு, எந்த ஊரின் எந்த மதுச்சாலையில் பானம் நன்றாயுள்ளது என்பதைச் சுவைத்தோரின் கருத்தைக் கொண்டே குறித்து வருகிறது. பழைய மதுச்சாலை ஒன்று நகரில் புதுப்பிக்கப்பட்டால் இருவகைக் குரல்கள் அங்கே எழுகின்றன. துப்புரவாயிற்று, உணவு நன்று, பெண்களும் வரலாம் என்பது ஒன்று. பழைய மரத்தடுப்புகள் போயின, விலை ஏறிற்று, நாள்தோறும் மூலையில் அமர்ந்திருந்த முதியவரைக் காணோம் என்பது மற்றொன்று. கேரளக் கள்ளுக்கடைகளைப் பற்றி நம் அன்பர்களிடம் நாம் கேட்பதும் ஏறக்குறைய இவையே. மனைவியோடு செல்ல முடிந்தது என்று மகிழ்கிறார் ஒருவர். கூலி வேலை முடித்து வருபவன் இனி அங்கே எப்படி நுழைவான் என்று கேட்கிறார் மற்றொருவர். இரண்டாம் கேள்வி நம் நெஞ்சில் தங்குகிறது.

வந்தவர்களின் கருத்துகளுக்கு நீண்ட மரபுண்டு. அவற்றுள் தொன்மையான ஒன்றைத் தந்தவர் ஓர் ஆயர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாகலாம். தோமினிக் சபைத் துறவி யோர்தானுஸ், திருத்தந்தை 22ஆம் அருளப்பரால் 1329இல் கொல்லத்தின் முதல் ஆயராக நியமிக்கப்பட்டவர். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் பிரிந்து வந்தது அந்தக் கொல்லத்திலிருந்துதான். அவ்வகையில் அவர் நமக்கும் முன்னோரே. கிழக்கின் வியப்புகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் தென்னையைக் குறிப்பிட்டு, அதுபோல் ஆண்டு முழுதும் வெண்சாறு தரும் இன்னொரு மரத்தையும் கூறி, அச்சாறு குடிப்பதற்கு இனியது என்கிறார். திராட்சைத் தோட்டங்களின் நாட்டிலிருந்து வந்தவருக்கு, மரத்தின் உச்சியில் கலயத்தைக் கட்டினால் மது தானே நிறையும் என்பது அற்புதமாகவே தோன்றியிருக்கும். அவர் எழுத்தில் கண்டனம் இல்லை, வியப்பே உள்ளது. 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இன்னும் நிதானமானவர். சாற்றுக்கென விடும் தென்னை எது, காய்க்கென விடுவது எது, சாற்றை எவ்வாறு வடித்துச் சாராயமாக்குகின்றனர் என்று கணக்காய் விளக்குகிறார். வியப்பின் இடத்தில் வாணிகம் அமரத் தொடங்கிவிட்டது.

புனித சவேரியாரின் குரல் முற்றிலும் வேறு. முத்துக்குளித்துறையிலிருந்து 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு அவர் விடுத்த மடல்களில் ஒன்று புன்னைக்காயலின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. சாராயம் அருந்தும் பெண்ணுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் சிறையும் விதிக்க வேண்டும், இதனை ஊரறிய அறிவிக்க வேண்டும், இனியும் அங்கே சாராயம் குடிக்கப்படுவதாய்க் கேள்வியுற்றால் பட்டங்கட்டிகள் தமக்குப் பதில் சொல்ல நேரும் என்பது அதன் சாரம். அபராதமும் சிறையும் பெண்களுக்கே கூறப்பட்டன. தலைவர்களுக்கு எச்சரிக்கை மட்டுமே என்பதை நாம் கவனியாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் அவர் வழிப்போக்கராய் எழுதவில்லை. அம்மக்களோடு வாழ்ந்து, குடிசைக்குள் சாராயம் செய்ததைக் கண்ணால் கண்டவர். சுவையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாததில் வியப்பில்லை.

அடுத்து வந்த வெள்ளையர் கள்ளைவிடக் கள் இறக்குவோரைப் பற்றியே கருத்துரைத்தனர். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்னும் நூல், பனையேறிகளைத் தாழ்வாய்ச் சித்திரித்தமையால் நாடார் சமூகத்தார் பிற்காலத்தில் வன்மையாக எதிர்த்தனர். தங்கள் சமூகத்தையே கள் இறக்குவோர் என்று ஆங்கிலேயர் எழுதியதும் அவர்களைப் புண்படுத்தியது. அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. தென்பகுதியில் பனையேறிகளின் முதன்மைத் தொழில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதாகும். கணவர் விடியுமுன் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்க, மனைவி வெயிலில் அடுப்பின்முன் நின்று பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்ப்பார். மாலையில் மீண்டும் ஏற்றம். கால்களில் தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி, மார்பில் தழும்பு. இத்தனை உழைப்பும் சர்க்கரைக்காக நிகழ, பார்த்துச் சென்றவர் ‘கள்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அவ்வுழைப்பின்மீது அரசர்கள் விதித்த வரிகளோ மிகப் பழையவை. கி.பி. 849ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய கொடையைக் கூறுவது. கிறித்தவத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய இந்தியாவின் மிகப் பழைய ஆவணங்களுள் அது ஒன்று. அப்பள்ளிக்கு ஒப்படைக்கப்பட்ட ஈழவர் குடிகளிடமிருந்து தலைக்காணம், ஏணிக்காணம் முதலியவற்றைப் பெறலாகாது என்கிறது அது. ஏணிக்காணம் மரமேறும் ஏணிக்கு விதித்த வரி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏணி வரிக்குரியதாய் இருந்தது என்பதையும், தேவாலயத்தைச் சார்ந்தோர் அதிலிருந்து விடுபட்டனர் என்பதையும் இச்செப்பேடு ஒருங்கே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் திருவிதாங்கூரில் பனையேறிகள் வரிச்சுமையால் வாடினர். வட்டக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சாமித்தோப்பில் வைகுண்டர் எழுப்பிய குரலில் அவ்வேதனையும் கலந்திருந்தது. பின்னர் அரசு கள்ளுக்கடைகளையே ஏலம் விட்டது. கடை அரசின் வருவாயாயிற்று. குடித்தவன் வீட்டுப் பட்டினி எவர் கணக்கிலும் ஏறவில்லை.

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பெருங்குறை. கள் இறக்கும் குலத்தில் தோன்றிய ஸ்ரீ நாராயண குருவே, மதுவைக் காய்ச்சவோ கொடுக்கவோ குடிக்கவோ வேண்டா என்று தம் மக்களுக்கு அறிவுறுத்தினார். தமிழகத்தில் தந்தை பெரியார் மதுவிலக்குப் போராட்டக் காலத்தில் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். நம் பழைய இலக்கியமோ இரு பக்கமும் பேசும். அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பு புறநானூற்றில் நிலைபெற்றிருக்க, ‘கள்ளுண்ணாமை’ என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சேலம் மாவட்டத்தில் 1937இல் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1971இல் கடைகள் திறக்கப்பட்டன; சில ஆண்டுகளில் மூடப்பட்டன; 1981இல் மறுபடியும் திறக்கப்பட்டன; 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. அத்தடை கள்ளைப் பொறுத்தவரை இன்றும் நீடிக்கிறது. ஆனால் 1983இல் தோன்றிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்று, ஆலையில் வடித்த கடும் மதுவைப் புட்டிகளில் விற்று வருகிறது. 1978இல் மாநில மரமாய் அறிவிக்கப்பட்ட பனையின் கள் குற்றம். எரிசாராயத்தில் வண்ணமும் மணமும் சேர்த்த புட்டி அரசின் பண்டம். இந்நிலையை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

அதற்காகக் கடையைத் திறந்தால் போதும் என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளிலும் மயக்கமருந்து கலந்த செய்திகள் மீண்டும் மீண்டும் வந்ததுண்டு. மரம் தரும் கள்ளைவிடக் கடை விற்கும் கள் மிகுதியாகும்போது வேறு என்ன நிகழும்? நாள்கூலியைக் கடையில் இறக்கி வைத்துவிட்டு வரும் கணவனின் மனைவிக்கு, அது பனையில் வடிந்ததா ஆலையில் வடிந்ததா என்பது ஒரு பொருட்டன்று. பங்கில் இத்தகைய தாய்மாரின் கண்ணீரைக் கண்ட எவரும் இதை எளிதில் மறுக்கமாட்டார். ஓடு பதித்த தரையும் குடும்ப அறையும் இதற்கு விடையாகா. அக்கடைகளைப் புகழ்வோர் விருந்தாளிகளே. ஒரு நாள் வந்து உண்டு மகிழ்ந்து திரும்புபவர் கருத்துக்கும், கடைக்கு அருகில் குடியிருப்பவர் கருத்துக்கும் வேறுபாடுண்டு.

யோர்தானுஸ் முதல் இற்றைநாள் விருந்தாளி வரை கருத்துரைத்த பலருள், மரத்தின்மீது இருந்தவனின் கருத்தைக் கேட்டெழுதியோர் மிகச் சிலரே. அவனுக்கும் கருத்துண்டு. ஏறத் தெரிந்தோர் அருகிவிட்டனர். மகன் ஏறுவதை அவனே விரும்புவதில்லை. தவறி விழுந்தால் குடும்பம் நிற்கும் இடமில்லை. கருப்பட்டியில் சர்க்கரை கலந்து மலிவாய் விற்பவரோடு போட்டியிட முடியவில்லை என்பதும் நாம் கேட்கும் குறை. தென்னையின் புளிக்காத சாற்றை நீரா என்ற பெயரில் இறக்க 2017இல் தமிழக அரசு வழிவகுத்தது. பனையேறிக்கோ பதநீர் ஒன்றே சட்டம் விட்டுவைத்த வழி. தை பிறந்து பாளை விட்டது முதல் பருவம் முடியும்வரை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கலயத்திலும் அவன் சுண்ணாம்பு தடவியாக வேண்டும். தடவியது போதாமற்போனாலும், கலயத்தை இறக்க நண்பகல் ஆகிவிட்டாலும், சாறு புளித்துவிடும். அப்போது அவன் கையிலிருப்பது பதநீரன்று, தடைசெய்யப்பட்ட பொருள்.