பின் ஆக்சிலின் ‘டொக்’: பிக்-அப் வண்டியில் ஆட்டம் இடம் மாறிய வரலாறு

பிக்-அப் வண்டியில் கியரை முன்னோட்டத்திலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போது பின்புறத்தில் ‘டொக்’கென்று ஒலி எழுந்தால், எங்கோ இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி, விசையின் திசை மாறியதும் ஒரே அடியில் மூடிக்கொண்டது என்று பொருள். இடைவெளி இருப்பது குற்றமல்ல. பல்லோடு பல் பொருந்திச் சுழல அது வேண்டும். அளவுக்கு மிஞ்சிய ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதையே கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள அமைப்பு கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் பலமுறை அடியோடு மாறியது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஓரிடத்தை விட்டு வேறோரிடத்தில் குடியேறியது. மெக்கானிக்கின் காதும் அதன் பின்னாலேயே போய்ப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டியும் திரும்ப மறுக்கும். இதற்குத் தீர்வான டிஃபரன்ஷியலை 1820-களின் கடைசியில் பாரிசின் ஒனெசிஃபோர் பெக்கேர் நீராவி வண்டிக்காக வடிவமைத்தார். 1877-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதையே மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்குக் கொண்டுவந்தார். மோட்டார் வாகனங்கள் வந்தபோது டிஃபரன்ஷியல் தயாராகக் காத்திருந்தது. அதுவரை சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் செம்மைப்படவில்லை.

தொடக்ககால லாரிகள் பலவற்றில் டிஃபரன்ஷியல் பின் ஆக்சிலில் இல்லை. சட்டகத்தில் குறுக்காகப் பொருத்திய தண்டில் அது இருந்தது. தண்டின் இரு முனைகளிலிருந்தும் பின் சக்கரங்களுக்குச் சங்கிலிகள் போயின. சங்கிலி மண்ணிலும் மழையிலும் தேய்ந்து நீண்டு தொய்ந்தது. ஆனால் தொய்வு கண்ணுக்குத் தெரிந்தது, கையால் தூக்கிப் பார்த்தாலே போதும். பழுதைத் தேட வேண்டிய தேவையே அப்போது இல்லை.

லூயி ரெனோ 1898-இல் தன் சிறு காரில் சங்கிலியை நீக்கிச் சுழல்தண்டைப் பொருத்தினார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், தண்டு வளைந்து கொடுக்க உதவும் யுனிவர்சல் ஜாயின்டுக்கு 1903-இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் உற்பத்தியைத் தொடங்கினார். பிற்காலத்தில் டானா என்ற பெயரில் உலகின் பெரிய ஆக்சில் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது அந்தத் தொழிற்சாலையே. சங்கிலி போனதும் ஆட்டம் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் மறைந்தது. அன்றுமுதல் காதே முதல் கருவி.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் சுழல்தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டிருந்தது. முன்முனையில் ஒரே ஒரு ஜாயின்ட். பின் ஆக்சிலில் பினியன் என்ற 11 பல் சிறு கியர், கிரவுன் வீல் என்ற 40 பல் பெரிய கியரைச் சுழற்றியது. கிரவுன் வீல் பக்கவாட்டில் நகராதபடி தாங்கியவை பாபிட் என்ற மென்மையான கலப்புலோகத்தால் ஆன வாஷர்கள். நாளடைவில் அவை நொறுங்கின; கிரவுன் வீல் பினியனை விட்டு விலகியது. இதில் பெரிய ஆபத்து இருந்தது. மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பெட்டியில் இருந்தது. பற்கள் விலகினால் ஓட்டம் மட்டுமல்ல, அந்த பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது பின் சக்கரங்களைப் பிடிக்கும் வலுவற்ற கைப்பிரேக் மட்டுமே. பின்புறத்து ஒலியைப் பொருட்படுத்தாமல் விடுவது உயிருக்கே உலை வைக்கும் என்பதை இந்த வண்டி காட்டியது. பழைய மாடல் டி-களைப் பேணுவோர் இன்றும் முதல் வேலையாக அந்த வாஷர்களை எடுத்துவிட்டு வெண்கல வாஷர்களைப் போடுகிறார்கள்.

1917-இல் அதே குடும்பத்தில் பிறந்த ஒரு டன் மாடல் டிடி லாரிக்கு வார்ம் கியர் கொண்ட பின் ஆக்சில் தரப்பட்டது. 1925-இல் ஃபோர்டு தொழிற்சாலையே பின்தட்டு பொருத்தி 281 டாலருக்கு விற்ற சிறு வண்டியில் இருந்ததோ கார்களின் ஆக்சில். பிக்-அப் என்ற வகை இப்படித்தான் பரவலாயிற்று: சுமை வண்டியின் வேலை, காரின் எலும்புகள். பின் ஆக்சில் தேய்மானம் பிக்-அப்புக்குத் தீராத பிரச்சினையானதற்கு இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம் எனலாம்.

பற்களின் வடிவமும் இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் வில்லியம் கிளீசன் 1874-இல் பெவல் கியர் வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் இயந்திரங்களால்தான் 1913 வாக்கில் பேக்கார்டு கார்களுக்குச் சுருள் பெவல் பற்கள் கிடைத்தன. நேர்ப்பல்லில் ஒவ்வொரு பல்லும் தன் முழு நீளத்திலும் ஒரே கணத்தில் மோதும்; சுருள்பல்லில் ஒரு பல் விடுபடுமுன் அடுத்த பல் பிடித்துவிடும். ஓயாத இரைச்சல் அடங்கியது. இரைச்சல் அடங்கியதால் அதுவரை மூழ்கிக்கிடந்த சிறு ஒலிகள் கேட்கத் தொடங்கின.

1926-இல் பேக்கார்டு அடுத்த படியை எடுத்தது. கிளீசன் நிறுவனம் உருவாக்கிய ஹைப்பாய்டு பற்களில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே அமர்ந்தது. சுழல்தண்டு தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, பற்களும் வலுத்தன. ஆனால் ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. வெறும் கனிம எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்து பல்முகம் சுரண்டப்படும். இதற்காகவே ஈயச் சோப்பும் கந்தகமும் சேர்த்த எண்ணெய்கள் வந்தன. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த இன்றைய ஜிஎல்-5 எண்ணெய் அவற்றின் வாரிசு. தவறான எண்ணெய் ஊற்றியதால் கெட்ட டிஃபரன்ஷியல்கள் ஏராளம்.

‘டொக்’ ஒலியின் வரலாற்றில் பெரிய திருப்பம் குழாய்க்குள்ளிருந்த தண்டு வெளியே வந்ததுதான். செவர்லே பிக்-அப்புகளில் இது 1955-இல் நடந்தது. குழாய் இருந்தவரை ஆக்சிலின் முறுக்கை அது தாங்கியது, ஜாயின்டும் ஒன்றே. அந்த ஒன்றை மாற்றப் பின் ஆக்சிலையே பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது என்பது வேறு தொல்லை. ஹாட்ச்கிஸ் முறை எனப்படும் திறந்த அமைப்பில் முறுக்கை லீஃப் ஸ்பிரிங்குகள் ஏற்றன; தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் ஜாயின்டுகள் எனப்படும் யுனிவர்சல் ஜாயின்டுகள்; நீளம் கூடிக் குறைய வரிப்பல் கொண்ட ஸ்லிப் யோக். பழுதுபார்ப்பது எளிதாயிற்று, ஆட்டத்துக்கு இடங்கள் பெருகின.

ஒவ்வோர் இடமும் தன் ஒலியைக் கொண்டிருந்தது. கிரீஸ் வற்றிய கிராஸ் ஜாயின்ட் மெதுவாக ஓடும்போது கீச்சிடும். அதன் கிண்ணத்தைச் சுற்றிச் செந்துருப் பொடி படிந்திருக்கும். முற்றித் தேய்ந்தால் கியர் விழும்போது கூர்மையான ‘டங்’ கேட்கும். வண்டி நின்று ஒரு கணம் கழித்து வரும் மந்தமான ‘தொம்’ ஸ்லிப் யோக்குடையது: பிரேக்கில் முறுகிய ஸ்பிரிங் தளர்ந்து ஆக்சில் பழைய நிலைக்குத் திரும்பும்போது, ஒட்டிக்கொண்ட வரிப்பல் திடீரென்று வழுக்குகிறது. வரிப்பல்லுக்குக் கிரீஸ் தடவுவதே பழைய வைத்தியம். பின்னாளில் நிக்கல் பூசிய யோக்குகளும் வந்தன. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் தளர்ந்தாலும் இதே போன்ற ஒலி எழும்.

இந்தப் பெருக்கத்தில்தான் தவறான தீர்ப்புகள் மலிந்தன. ஒரு சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பார்த்து, அது அசையும் அளவைக் கண்டு கிரவுன் வீலும் பினியனும் போய்விட்டன என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. சக்கரத்தில் தெரியும் ஆட்டம் பலவற்றின் கூட்டுத்தொகை: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள், அவற்றின் பின்னுள்ள வாஷர்கள், ஆக்சில் தண்டின் வரிப்பல் எல்லாம் அதில் சேர்கின்றன. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான பல்லிடைவெளி, அதாவது பேக்லாஷ், பெரும்பாலான பிக்-அப்புகளில் ஏறத்தாழ 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான். டயல் கேஜ் இல்லாமல் அதைத் தீர்ப்பிட முடியாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சுழல்தண்டைக் கையால் திருப்பி ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பார்ப்பதே நேர்மையான முறை. பினியன் முனை சுற்றுவாக்கில் அசைவது இயல்பு. மேலும் கீழுமாக அசைந்தால் பேரிங் போயிற்று.

ஆக்சில் கட்டுமானத்தில் இரண்டு மரபுகள் வளர்ந்தன. 1957 முதல் 1986 வரை வழங்கிய ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலில் டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம். பினியனின் பின்முனையைத் தாங்க மூன்றாவது பேரிங்கும் அதில் உண்டு. மற்றது சாலிஸ்பரி வகை. பின்மூடியைத் திறந்து வண்டிக்கடியில் படுத்தபடியே ஷிம் எனும் மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டிலும் இறுதித் தீர்ப்பைச் சொன்னது பல்லில் பூசிய சாயம். முன்பு ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினர், பிறகு மஞ்சள் பசை வந்தது. சுற்றிய பின் பல்லில் விழும் தடம் வேர்ப்பக்கம் இறங்கினால் பினியன் அதிக ஆழத்தில் இருக்கிறது. நுனிப்பக்கம் ஏறினால் ஆழம் போதவில்லை.

வழுக்கும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்கள் 1950-களில் அமெரிக்கக் கார்களுக்கு வந்து பிக்-அப்புகளுக்கும் பரவின. அவற்றின் கிளட்ச் தகடுகள் திருப்பங்களில் கடகடத்தன. எண்ணெயில் தனிச் சேர்மானம் கலந்தால் பெரும்பாலும் அடங்கின. 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்-அப்புகளில் ஈட்டன் நிறுவனத்தின் பூட்டும் டிஃபரன்ஷியல் இடம்பெற்றது. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் வேறுபட்டால் உள்ளிருக்கும் கவர்னர் பற்றிக்கொண்டு பூட்டும். மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. பூட்டும்போது எழும் ஒலி இயல்பானது. அதுவரை பழுதின் அடையாளமாக இருந்த ஒலி, இங்கே கருவி வேலை செய்வதன் அடையாளமாயிற்று.

மைக்ரோஃபோன்களும் அதிர்வு மானிகளும் பட்டறைக்கு வந்தபின் எண்கள் காதுக்குத் துணை நின்றன. 41-க்கு 11 பல் கொண்ட ஆக்சில், 2.4 மீட்டர் சுற்றளவுள்ள டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் சக்கரம் நொடிக்கு 11.6 முறையும் சுழல்தண்டு 43 முறையும் சுற்றும். பற்கள் நொடிக்கு 475 முறை சந்திக்கும். அந்த அலைவெண்ணில் ஊளை எழுந்தால் பற்களைப் பார்க்க வேண்டும். தண்டின் சுற்றுக்கு இருமுறை அதிர்ந்தால் கிராஸ் ஜாயின்டையும் அதன் கோணத்தையும் பார்க்க வேண்டும். சாலைப்பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் அது டயர்.

2022-இல் வந்த மின்சார எஃப்-150 லைட்னிங்கில் நீண்ட சுழல்தண்டே இல்லை. மோட்டாரும் கியர்களும் டிஃபரன்ஷியலும் சக்கரங்களுக்கிடையே சேர்ந்தே இருக்கின்றன. கிராஸ் ஜாயின்டும் ஸ்லிப் யோக்கும் ஒழிந்தன. ஆனால் இத்தகைய வண்டிகளில் மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி எதிர்த்திசையில் இழுக்கிறது; பல்லிடைவெளி நகரப் பயணத்தில் ஓயாமல் திறந்து மூடுகிறது. ஆகவே விசையின் திசை மாறும் கணத்தில் முறுக்கை மெல்லக் குறைத்து, இடைவெளியைக் கடந்தபின் உயர்த்தும் பொறுப்பு மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்கு வந்திருக்கிறது.