கடற்கொள்ளையனும் கட்டுரைப் பாடமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பாத்திர வருணனை, அதாவது ஒரு மனிதரின் தோற்றம், பேச்சு, நடத்தை ஆகியவற்றைச் சொற்களால் கண்முன் நிறுத்தும் எழுத்து, முறையான பயிற்சியாக வளர நெடுங்காலம் பிடித்தது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டுமென நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தியது. அதன்பின் ரப்பர் தோட்டங்களில் எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் கவனித்தார்; சில இடங்களில் கங்காணியோ (தொழிலாளர் மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) அப்பொறுப்பை ஏற்றார். பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் சொல்வதெழுதுவதும் கணக்கும் கைவந்தால் போதுமென்று கருதப்பட்ட அச்சூழலில், பிள்ளை தான் கண்ட மனிதரைத் தன் சொல்லில் எழுதிப் பார்க்க இடமே இருக்கவில்லை.

கதைமாந்தரைப் படைக்கும் கலையைப் பாடமாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணத்துக்குக் கோலாலம்பூரில் வலுவூட்டியது ஒரு நாளிதழ். 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ 1950-இல் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியைத் தொடங்கியது, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினர். வளர்ந்தவர்களுக்கான வகுப்பே அது. ஆயினும் அக்காலத்து மலாயா எழுத்தாளர்களுள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இருந்தமையால், எழுத்துப் பயிற்சி பற்றிய சிந்தனைக்கும் வகுப்பறைக்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

தொடக்கப்பள்ளி இறுதியில் 1988 முதல் நடந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு, ஆண்டு 6 மாணவரின் எழுத்தாற்றலை அளக்கத் தொடங்கியபோது கட்டுரைக்குக் கிடைத்த கவனம் மிகுந்தது. கூடவே மாதிரிக் கட்டுரை நூல்களும் பெருகின. தாயைப் பற்றி எழுதினாலும் ஆசிரியரைப் பற்றி எழுதினாலும் அன்பே உருவானவர், புன்னகை பூத்த முகத்தினர் என்ற மனப்பாடத் தொடர்களே வந்து நின்றன. பண்புகளைப் பட்டியலிட உதவும் குமிழி வரைபடம் 2010களில் வகுப்பறைக்கு வந்தபின்னும், குமிழிக்குள் விழுந்த பெயரடைகள் பெரும்பாலும் பழையனவே. தமிழ் மரபை நோக்க இது வருந்தத்தக்கது. பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை வருணிக்கிறது. இம்முறைக்குக் கேசாதிபாதம் என்று பெயர். தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைக் குறிப்பது; அச்சம், வெகுளி உள்ளிட்ட எட்டு வகைகளை அது வகுத்துத் தருகிறது. முன்னது புறத்தையும் பின்னது அகத்தையும் எழுதக் கற்றுத்தரும்.

இவ்விரண்டையும் பிள்ளைகள் விருப்பத்தோடு பயில ஏற்ற கருப்பொருள் கடற்கொள்ளையன். தழும்பு, கத்தி, கறுப்புத் துணி மறைத்த கண் என்று புறத்தோற்றம் எளிதில் கைவருகிறது. அங்கேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து. ஸ்டீவன்சன் 1883-இல் நூலாக வெளியிட்ட ‘புதையல் தீவு’ இதற்கு நல்ல விடை தருகிறது. ஒற்றைக்கால் மாலுமியை எண்ணி நடுங்கியிருந்த சிறுவன் ஜிம், பிரிஸ்டல் நகரத்து விடுதியில் ஜான் சில்வரைக் காணும்போது, ஊன்றுகோலோடு மேசைக்கு மேசை துள்ளிச்சென்று வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசும் தூய தோற்றத்து மனிதரையே காண்கிறான். இவர் கொள்ளையராக இருக்க முடியாதென்று நம்பியும் விடுகிறான். தோற்றமும் குணமும் முரணும் அந்த இடத்தில்தான் பாத்திரம் உயிர்பெறுகிறது. தமிழில் சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் வரும் அகூதா என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவன், கதைநாயகன் கருணாகரனுக்குக் கடற்போர் கற்பிக்கும் ஆசானாகவும் விளங்குவது அதே வகை.

கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இன்னும் அருகிலேயே வரலாறு இருக்கிறது. ஈய வரி வருவாயை முன்னிட்டு 1867-இல் மூண்ட கிள்ளான் போரின்போது, 1871-இல், பினாங்கிலிருந்து புறப்பட்ட சீன மரக்கலம் ஒன்று கொள்ளையிடப்பட்டு அதிலிருந்தோர் கொல்லப்பட்டனர். அக்கலம் கோல சிலாங்கூரில் கண்டுபிடிக்கப்பட, ஜூலை மாதம் ‘ரினால்டோ’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்கிருந்த கோட்டைகளைத் தாக்கியது. கோட்டையில் இருந்த, அப்போரின் ஒரு தரப்புத் தலைவரான ராஜா மகாடியின் ஆட்கள் தம்மை உரிமைக்குப் போராடுவோராகவே கருதினர். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் பிரிட்டிஷ் அதிகாரிகளோ கொள்ளைக்குத் துணைநின்றவர்களாக அவர்களைக் கண்டனர். கடற்கொள்ளையை ஒழிப்பது என்ற காரணம், 1874-இல் சிலாங்கூர் ஆட்சியில் பிரிட்டிஷார் தலையிட வழிதிறந்தவற்றுள் ஒன்று. 1857-இல் அப்போதைய கிள்ளான் ஆட்சியாளர் ராஜா அப்துல்லா ஈயமும் உணவுப்பொருளும் சேமிக்கக் கட்டிய கிடங்கு கிள்ளானில் இன்றும் நிற்கிறது. மாணவரை அங்கே அழைத்துச் செல்வது கடினமன்று.

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டபின் ஆசிரியருக்குக் கிடைத்துள்ள தளர்வில், கோல சிலாங்கூர்க் கோட்டையில் நின்ற ஒரு வீரனைக் கற்பனை செய்து மாணவரை இருமுறை எழுதச் சொல்லலாம். உறவினரைக் கடலில் இழந்த பினாங்கு வணிகர் பார்க்கும்போது அவன் இடுப்பில் செருகிய கிரிஸ் கத்தி முதலில் தெரியும். அவனோடு சோறுண்ட கிள்ளான் ஆற்றுப் படகோட்டி பார்க்கும்போது துடுப்புப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை தெரியும்.