சான்-தெனியின் கணக்கேடு

பாரிஸ் நகருக்கு வடக்கே உள்ள சான்-தெனி மடத்தின் அதிபராக இருந்த சுஜேர் (ஏறத்தாழ 1081–1151), தம் நிர்வாகத்தின் 23ஆம் ஆண்டில், மடத்துச் சகோதரர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, தம் காலத்தில் நடந்த காரியங்களை லத்தீன் மொழியில் பதிந்துவைத்தார். நூலின் முற்பகுதி ஊர்கள், குத்தகைகள், திராட்சைத் தோட்டங்கள், வழக்குகள் ஆகியவற்றைப் பற்றியது. பிற்பகுதி ஆலயம், அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், பொன், மணிகள் ஆகியவற்றைப் பற்றியது. கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1946இல் வெளியிட்ட புகழ்பெற்ற பதிப்பு, தொடக்க அத்தியாயத்தை அடுத்து நேராக 24ஆம் அத்தியாயத்துக்குத் தாவி, இடையிலிருந்த வரவுக் கணக்குகளை விட்டுவிட்டது. கலை வரலாற்றாளரின் நோக்குக்கு அது பொருத்தமே. எனினும், சுஜேர் என்ற மனிதர் அந்த விடுபட்ட பக்கங்களில்தான் கூடுதலாக வெளிப்படுகிறார்.

சுஜேர் சார்ந்திருந்த சபை, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூலைப் பின்பற்றியது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்குவது இவரைத்தான். இந்த ஒழுங்குநூல் மன்றாட்டுக்கு நேரம் வகுப்பதோடு நிற்காமல், மடத்தின் களஞ்சியக் காப்பாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கும் 31ஆம் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கி, மடத்தின் சாதாரணக் கருவிகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களுக்கு நிகராகப் பேணும்படி அவருக்குக் கட்டளையிடுகிறது. எனவே நிர்வாகம் துறவுக்குப் புறம்பான உலகியல் சுமையாக அல்லாமல், துறவின் ஒரு கூறாகவே அங்கு கருதப்பட்டது.

பெரிய குடும்பப் பின்னணி ஏதுமற்ற சுஜேர், பத்து வயதளவில் பெற்றோரால் மடத்துக்குக் காணிக்கையாக ஒப்படைக்கப்பட்டார். பிள்ளைகளை இவ்வாறு ஒப்புக்கொடுக்கும் வழக்கத்துக்கும் ஒழுங்குநூலில் இடமிருந்தது. பிரெஞ்சு அரசர் பலர் அடக்கம் செய்யப்பட்டிருந்த அம்மடத்தின் ஆவண அறையில், பழைய சாசனங்களைப் படித்தே அவருடைய இளமை கழிந்தது. எந்த ஊர் எந்த அரசனால் கொடுக்கப்பட்டது, எது யாரால் கைப்பற்றப்பட்டது என்ற அறிவு அங்கு அவருக்கு வாய்த்தது. 1107ஐ ஒட்டி நார்மண்டியில் இருந்த பெர்னவால் என்னும் ஊருக்கும், 1109 அளவில் தானியம் கொழிக்கும் போஸ் சமவெளியில் உள்ள தூரிக்கும் அவர் காரியஸ்தராக, அதாவது தொலைவில் உள்ள மடத்துச் சொத்துகளை மேற்பார்வையிட்டு வருமானம் திரட்டும் அலுவலராக, அனுப்பப்பட்டார்.

தூரி அவருக்குக் கடுமையான பள்ளிக்கூடமாக அமைந்தது. அருகிலிருந்த லெ புய்சே கோட்டையின் பிரபு யூக், மடத்துக் குடியானவர்களிடம் தன் விருப்பம்போல் வரி பறித்துவந்ததால், நிலம் இருந்தும் மடத்துக்கு விளைவு வந்துசேரவில்லை. அரசர் ஆறாம் லூயி 1111இல் அக்கோட்டையைத் தகர்த்தபோது தூரியே அரச படைக்குத் தளமாக விளங்கியது. மறு ஆண்டு கோட்டை மீண்டும் எழ, மீண்டும் தகர்க்க நேர்ந்தது. சிற்றரசர்களின் கொள்ளையிலிருந்து மடத்தைக் காக்க வலுவான அரசர் தேவை, அரசருக்கோ மக்கள் மதிக்கும் ஒரு திருத்தலத்தின் துணை தேவை என்ற கணக்கை சுஜேர் இந்த வயல்வெளியில்தான் கற்றார் எனலாம். பிற்காலத்தில் அரசவையில் அவர் செய்தவை யாவும் இந்தக் கணக்கின் விரிவே. முன்பு 20 லிவ்ர் தந்த தூரி, தம் காலத்தில் 80 லிவ்ர் தந்ததாக அவர் பதிவு செய்கிறார். லிவ்ர் என்பது அக்காலத்தில் கையில் புழங்கிய நாணயம் அன்று. 240 தெனியே வெள்ளிக் காசுகளைக் குறிக்கும் கணக்கு அலகு.

அரசரின் தூதராக இத்தாலி சென்று திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவைச் சந்தித்துத் திரும்பும் வழியில், 1122இல், பழைய அதிபர் ஆதாம் இறந்ததும் தாமே அடுத்த அதிபராகத் தெரிவு செய்யப்பட்டிருப்பதும் சுஜேருக்குத் தெரியவந்தன. அப்போது அவர் குருப்பட்டம் பெறாத வெறும் துறவியாகவே இருந்ததால், முதலில் குருவாகி, அதன் பின்னரே அதிபராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1124இல், ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்ரி ரைம்ஸ் நகரை நோக்கிப் படையெடுப்பதாக அச்சுறுத்தியபோது, ஆறாம் லூயி சான்-தெனியின் பீடத்திலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு படை திரட்டினார், பேரரசர் பின்வாங்கினார். ஆண்டுதோறும் கூடும் லாந்தி சந்தையின் உரிமைகளும் அக்காலத்தில் மடத்துக்குக் கிடைத்தன. 1125இல் சுஜேர், இறந்த குடியின் உடைமையில் ஆண்டை பங்கு கோரும் வழக்கத்திலிருந்து சான்-தெனி நகரத்தாரை விடுவித்தார். அதற்கு ஈடாக அவர்கள் ஆலய முகப்பைப் புதுப்பிக்க 200 லிவ்ர் தந்தார்கள். மக்களுக்கு விடுதலையும் ஆலயத்துக்கு நிதியும் ஒரே ஓலையில் அடங்கிய இந்த ஏற்பாட்டில் அவருடைய கைவண்ணம் முழுமையாகத் தெரிகிறது.

இந்தத் திறமைக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. அர்ஜான்தேய் என்னும் ஊரின் கன்னியர் மடம் பண்டைய சாசனங்களின்படி சான்-தெனிக்கே உரியது என்று வாதிட்ட சுஜேர், அக்கன்னியரின் ஒழுக்கத்தையும் குறைகூறி, 1129இல் அம்மடத்தைத் தம்வசப்படுத்தினார். வெளியேற்றப்பட்டவர்களுள் அதன் துணைத்தலைவியாக இருந்த பேரறிவாட்டி எலோயிஸும் ஒருவர். சுஜேர் காட்டிய ஆவணங்களின் நம்பகத்தை வரலாற்றாளர் பலர் ஐயுற்றிருக்கிறார்கள். ஆவணம் உண்மையாகவே இருந்தாலும், கன்னியர்மீது சுமத்தப்பட்ட பழி சொத்துரிமை வழக்குக்கு மிக வசதியான வேளையில் எழுந்தது என்பதைக் காணாமல் இருக்க முடியாது.

வருமானம் உறுதிப்பட்ட பிறகே கட்டடம் எழுந்தது. திருவிழா நாட்களில் புனிதப் பொருள்களை வணங்கக் கூடிய கூட்டம் பழைய ஆலயத்தில் நெரிசலுற்று, பெண்கள் மிதிபடும் அளவுக்குச் சென்றதே விரிவாக்கத்துக்குக் காரணம் என்கிறார் சுஜேர். பணிக்கென ஆண்டுக்கு 200 லிவ்ர் ஒதுக்கப்பட்டது: அதில் 150 காணிக்கைப் பணத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது (லாந்தி சந்தைக் காலத்தில் 100, புனித தெனியின் விழாவில் 50), மீதி 50 போஸ் பகுதியின் ஒரு பண்ணையிலிருந்து வரும். தூண்களுக்கு ரோமிலிருந்து பளிங்கைக் கடல்வழியாகக் கொண்டுவரலாமா என்றுகூட அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது, அருகே பொந்துவாஸில் தக்க கற்சுரங்கம் கிடைத்தது. கூரைக்கு வேண்டிய நெடிய உத்தரங்கள் இப்பகுதியில் கிடைக்கவே கிடைக்காது என்று தச்சர்கள் கைவிரித்தபோது, அவர் அளவுகளை எடுத்துக்கொண்டு தாமே இவ்லின் காட்டுக்குள் சென்று, வனக்காவலர்கள் சிரித்ததையும் பொருட்படுத்தாமல் தேடி, தேவையான 12 மரங்களையும் கண்டுபிடித்தார். அதை அவர் அற்புதமாகவே எழுதினார். காட்டைக் காரியஸ்தரின் கண்ணால் பார்த்தவருக்கு நேர்ந்த அற்புதம் என்று அதைக் கொள்ளலாம்.

மேற்கு முகப்பு 1140 ஜூன் 9 அன்றும், கிழக்குத் திருமுற்றம் 1144 ஜூன் 11 அன்றும் அருச்சிக்கப்பட்டன. கூர்முனை வளைவுகளையும், கூரையின் பாரத்தை ஏந்தும் கல் விலாக்களையும் இணைத்து, சுவரின் பெரும்பகுதியைச் சாளரமாக்கிய அந்தக் கிழக்குப் பகுதியைக் கோதிக் கட்டடக்கலையின் தொடக்கமாக வரலாற்றாளர் கொள்கின்றனர். கட்டிய தலைமைக் கொத்தர் யாவர் என்று சுஜேர் ஓரிடத்திலும் எழுதவில்லை. தம் பெயரையோ கல்வெட்டுகளில் பலமுறை பொறித்ததோடு, ஒரு சாளரத்தில் கன்னி மரியாவின் காலடியில் தம் உருவத்தையும் தீட்டச் செய்தார். எளிமையை வற்புறுத்திய சிஸ்தர்சியத் துறவி பெர்நார்து ஆலய ஆடம்பரத்தைக் கடுமையாகக் கண்டித்துவந்த காலம் அது. ஆயினும் சிஸ்தர்சியர் உள்ளிட்ட துறவியரே தம்மிடம் இருந்த மணிக்கற்களை விற்க முன்வந்தார்கள் என்றும், அவற்றை 400 லிவ்ருக்குத் தாம் வாங்கியதாகவும் சுஜேர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அதில் மெல்லிய நையாண்டி இழையோடுவதை உணரலாம்.

1147இல் ஏழாம் லூயி இரண்டாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்டபோது, ஆட்சிப் பொறுப்பில் முதன்மையிடம் சுஜேருக்கு வந்தது. அறுபது வயதைக் கடந்த துறவி, அரச வருவாயைத் திரட்டி, கீழ்த்திசையில் அரசர் பட்ட கடன்களை அடைத்து, அரசரின் தம்பி ரொபேர் நாடு திரும்பி 1149இல் கிளப்பிய கலகத்தை அடக்கினார். அரசி எலியனோர்மீதான கோபத்தை நாடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ளுமாறு அவர் அரசருக்கு மடல் எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டே, 1152இல், அத்திருமணம் செல்லாதென அறிவிக்கப்பட்டது.

இறுதி மாதங்களில் மடத்தின் வருவாயைக் கொண்டு தாமே ஒரு சிலுவைப் படையை அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்த சுஜேர், 1151 ஜனவரி 13 அன்று காலமானார். தம் ஆண்டு நினைவுநாளை மடம் எவ்வாறு அனுசரிக்க வேண்டும் என்பதை 1137ஆம் ஆண்டு உயிலிலேயே அவர் எழுதிவைத்திருந்தார்.