குத்தாமல் அளந்த கதை

"எக்கோ எடுத்தாச்சா?" வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால் நாங்கள் கேட்கிற கேள்வி. அறிக்கையில் இதயத்துக்குள்ள இருக்கிற அழுத்தம் இவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். ஊசியும் குத்தேல்லை, குழாயும் விடேல்லை. பிறகு அந்த எண் எங்கால வந்தது?

முன்னர் அதை அறிய உள்ளே போகத்தான் வேண்டும். 1929இல் ஜேர்மனியில் வேர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் வைத்தியர், தன் கை நாளத்தினூடாக இதயம்வரை தானே ஒரு குழாயைச் செலுத்தி, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அதை வளர்த்தெடுத்தார்கள். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு. அழுத்தத்தை நேரடியாக அளக்க முடிந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பைத் துளைக்க வேண்டியிருந்தது.

மாற்று வழி கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. சுவீடனில் வைத்தியர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸும் மால்மோ தளத்தில் உலோகக் குறைகளைத் தேடும் மீயொலிக் கருவியை இரவல் வாங்கிப் பரிசோதித்தார்கள். 1953இல் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிந்தார்கள். இதயத்தின் அசைவு தெரிந்தது, அழுத்தம் தெரியவில்லை. அழுத்தத்துக்கு எதிரொலி கிடையாதே!

ஆனால் இரத்தத்தின் வேகத்தைப் பிடிக்கலாம். ஓடும் இரத்த அணுவில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும்; டொப்ளர் 1842இல் சொன்ன விதி அது. வேகம் தெரிந்தால், 18ஆம் நூற்றாண்டு பெர்னூலியின் சமன்பாட்டால் அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிடலாம். 1976இல் நோர்வேயில் ஹோலன் குழுவினர் ஒடுங்கிய மைற்றல் வால்வில் இதைச் செய்தார்கள். மூட்டுவாதக் காய்ச்சல் விட்டுப்போகும் அந்த நோய் எங்கட பக்கத்துச் சனத்துக்கும் புதிசில்லை. ட்ரொண்ட்ஹைமில் வைத்தியர் லிவ் ஹாட்லவும் பொறியியலாளர் ஆங்கெல்செனும் இந்த முறையை வைத்தியசாலைப் பாவனைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு சுலபம்: வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்க வேண்டும்.

1984இல் அமெரிக்காவில் யொக், பொப் இருவரும், முக்கூர் வால்வால் பின்னுக்குக் கசியும் இரத்தத்தை வைத்து வலது இதயவறையின் அழுத்தத்தைக் கணித்தார்கள். வேகம் செக்கனுக்கு 3 மீற்றர் என்றால் வித்தியாசம் 36 மி.மீ. இரசம். அதோடு வலது சோணையறையின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதை எக்கோ அளக்காது. கீழ்ப் பெருநாளம் எவ்வளவு அகலம், மூச்சிழுக்கேக்க எவ்வளவு சுருங்குது எண்டு பார்த்து ஊகிக்கிறார்கள்.

இங்கதான் நாங்கள் கவனிக்க வேண்டும். ஒலிக்கதிர் சாய்வாகப் பட்டால் வேகம் குறைவாகத் தெரியும். 3 மீற்றர் 2.5 ஆனால், 36 வெறும் 25 ஆகிவிடும். அதனால்தான் நுரையீரல் நாடி அழுத்தம் கூடியிருக்கு என்று சந்தேகம் வந்தால், உறுதிப்படுத்த இன்றைக்கும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். அப்படிக் கேட்டால் "எக்கோதான் எடுத்தாச்சே, பிறகேன்?" என்று வைத்தியரோடு சண்டை பிடிக்காதேங்கோ. எக்கோ தருவது நல்லதொரு மதிப்பீடு. யாருக்குக் குழாய் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது. எத்தனையோ பேரை ஊசியிலிருந்து காப்பாற்றியதும் அதுதான்.