புரவலர்

பெருங்கொடை திரட்டும் பணியில் இருப்போர் அன்றாடம் எழுதும் சொல் இது. ‘புர’ என்பது வினையடி. புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. சங்க நூல்களில் இதனோடு எதிர்ச்சொல்லாக இணைந்து வருவது ‘இரவலர்’, அதாவது கேட்டு வருபவர்.

‘நன்கொடையாளர்’ ஒருமுறை கொடுத்தவருக்கும் பொருந்தும். ‘புரவலர்’ அப்படியன்று, கொடுத்ததைத் தொடர்ந்து காப்பவர் என்ற பொறுப்பு அதில் இருக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தேவையோ 60 லட்சம் டாலர். மீதியைத் திரட்டும் முயற்சியிலும் அவர்கள் தொடர்ந்து ஈடுபட்டார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. முதல் அப்படியே இருக்க, அதன் வருவாயில் இருக்கை நடக்கும். புரத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு எனக்குத் தெரியவில்லை.

நிதி திரட்டுபவருக்கு நம்மிடம் நிலைத்த பெயர் இல்லை. பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வள்ளலிடம் வழிகாட்டுவது ஆற்றுப்படை. நிதி திரட்டுபவரோ கொடுப்பவருக்குத் தேவை இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். ‘கொடை ஆற்றுப்படுத்துநர்’ என்று சொல்லிப் பார்க்கலாம், சற்று நீளம்தான்.

நம் பொது நூலகங்களில் புரவலர், பெரும்புரவலர் என்று பட்டியல் உண்டு. பெயரைப் பலகையில் எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். அவர் தந்த பணம் என்ன ஆயிற்று என்று ஆண்டுக்கு ஒரு கடிதமாவது அவருக்கு எழுதுங்கள்.